பிலடெல்பியா பாசிட்டிவ் ஏஎல்எல்: மாத்திரையே வேலை செய்கிறது, பிறகு கீமோவும் ரேடியேஷனும் எதற்கு?

#1 கரிசல்மண்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. பி-செல் ஏஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. மஜ்ஜைப் பரிசோதனையில் பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ் என்று இருந்தது. ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின் ஊசி, கூடவே தினமும் தாசாட்டினிப் மாத்திரை. நடுமுதுகில் ஊசி குத்தி அதற்குள்ளும் மருந்து ஏற்றுகிறார்கள். முதல் கட்டம் முடிந்து பார்த்தபோது ரெமிஷன் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு சொன்னதுதான் புரியவில்லை. இன்னும் பல சுற்று கீமோ இருக்கிறதாம். பிறகு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யலாமா என்று பார்ப்பார்களாம். செய்வதானால் அதற்கு முன் உடம்பு முழுக்க ரேடியேஷன் கொடுக்க வேண்டி வரலாம் என்றார்.

சொந்தக்காரர் ஒருவருக்குத் தெரிந்தவர், இதே பிலடெல்பியா குரோமோசோமோடு பல வருஷமாக ஒரு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாராம். அவருக்கு மாத்திரை போதும், தம்பிக்கு ஏன் போதாது? ரெமிஷன் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாத்திரைக்காரன்

நீங்கள் சொல்லும் அந்த ஆள் நான் இல்லை, ஆனால் நானும் அதே ரகம்தான். எனக்கு இருப்பது சிஎம்எல் என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். பல வருஷமாக இமாட்டினிப் போடுகிறேன். குரோமோசோம் ஒன்றுதான், நோய் வேறு.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் சிஎம்எல் நோயாளிகளின் செல்லில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இது வருகிறது என்று 1973-ல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். அந்த ஒட்டில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) புரதம், செல்லை ஓயாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது, உங்கள் தம்பியின் தாசாட்டினிபும் அப்படித்தான். இமாட்டினிபுக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

என் நோய் மெதுவாக நகர்வது. நாட்பட்ட கட்டத்தில் அந்த ஒரு புரதத்தை நிறுத்தினாலே பெரும்பாலோருக்குப் போதும். உங்கள் தம்பிக்கு வந்திருப்பது வேகமாகப் பெருகும் நோய். எங்கள் சிஎம்எல் கூட முற்றி 'பிளாஸ்ட் கிரைசிஸ்' ஆகிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, கீமோவும் மஜ்ஜை மாற்றும் தேவைப்படும். அதனால் எங்களைப் பார்த்து அவரைக் கணக்குப் போடாதீர்கள். டாக்டர் யாராவது வந்து மீதியைச் சொல்லட்டும்.

#3 ரத்தவியல்_மாணவன்

ரத்தவியலில் மேல்படிப்புப் படிக்கிறேன். உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. பொதுவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரெமிஷன். நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் உடம்பில் ஒரு லட்சம் கோடி நோய் செல்கள்கூட இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ரெமிஷன் என்கிறோம். அந்த நிலையிலும் ஆயிரம் கோடி செல்கள் வரை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடத்தான் எம்ஆர்டி என்று தனியாக ஒரு பரிசோதனை. இந்த வகையில் பிசிஆர்-ஏபிஎல் அளவை, PCR என்ற மரபணுப் பரிசோதனை முறையில் எண்ணிப் பார்ப்பார்கள். ரெமிஷன் நல்ல செய்திதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அது முதல் படி.

'மாத்திரை மட்டும்' என்ற வழியை ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறார்கள். கடுமையான கீமோ தாங்காத முதியவர்களுக்கு இத்தாலியில் இமாட்டினிபும் ஸ்டீராய்டும் மட்டும் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ரெமிஷன் வந்தது. பிறகு தாசாட்டினிபும் ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் அப்படியே. தொடக்கத்தில் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் பலருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் டி315ஐ என்ற மரபணு மாற்றம் இருந்தது. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே உருமாறிவிடும் மாற்றம் அது. இமாட்டினிப், தாசாட்டினிப், நிலோட்டினிப் மூன்றுமே அதன் முன்னால் எடுபடாது. போனாட்டினிப் எடுபடும், ஆனால் ரத்தக் குழாய் அடைப்பு வரும் ஆபத்து இருப்பதால் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

ஆயிரம் கோடி செல்களில் ஒன்றிரண்டில் அந்த மாற்றம் தற்செயலாக ஏற்கெனவே இருக்கலாம். மாத்திரை மற்றதையெல்லாம் கொன்றுவிட்டு அந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அது பெருகும். கீமோ மருந்துகளுக்கு பிசிஆர்-ஏபிஎல் எப்படி இருக்கிறது என்பதே ஒரு பொருட்டில்லை. டிஎன்ஏ படி எடுப்பதையும் செல் பிரிவதையும் அவை நேரடியாகத் தாக்கும். மாத்திரைக்குத் தப்பிய செல் கீமோவில் மாட்டும், கீமோவுக்கு அசையாதது மாத்திரையில் சாகும். சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

பலன் என்ன என்றால், குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வைச் சொல்ல வேண்டும். 2009-ல் வெளியானது. தீவிர கீமோவோடு இமாட்டினிபை இடைவெளி விடாமல் கொடுத்த குழுவில், மூன்று வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80 சதவீதம். மாத்திரை வருவதற்கு முன் கீமோ மட்டும் பெற்ற பழைய நோயாளிகளில் அந்தக் கணக்கு 35. கீமோ இரண்டு தரப்பிலும் உண்டு. கூடுதலாகச் சேர்ந்தது ஒரு மாத்திரை. அதுவரை இந்தக் குழந்தைகளில் பொருத்தமான கொடையாளர் உள்ள எல்லோரையும் மஜ்ஜை மாற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கமே மாறியது.

பெரியவர்களில் இன்னொரு பாடம் கிடைத்தது. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு இமாட்டினிபோடு கடுமையான கீமோ, இன்னொரு குழுவுக்கு இமாட்டினிபோடு குறைத்த கீமோ. குறைத்த குழுவில் 98 சதவீதம் பேருக்கு ரெமிஷன் வந்தது, கடுமையான குழுவில் 91. கீமோவின் விஷத்தாலேயே தொடக்கத்தில் இறந்தவர்கள் கடுமையான குழுவில் அதிகம். ஆகவே, மாத்திரை இருக்கும்போது முதல் கட்டக் கீமோவை இளக்கலாம். உங்கள் தம்பிக்கு ஸ்டீராய்டும் வின்கிரிஸ்டினும் மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த வழியில்தான் போகிறார்கள் என்று தோன்றுகிறது.

#4 கரிசல்மண்

டாக்டர் தம்பி, கோடி நன்றி. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதைச் சொல்லித்தான் அப்பாவுக்கு விளக்கினேன், உடனே பிடித்துக்கொண்டார்.

முதுகில் போடும் ஊசிதான் தம்பிக்குப் பெரிய பயம். அது எதற்கு? மாத்திரை ரத்தத்தில் ஓடி எல்லா இடத்துக்கும் போகாதா?

#5 வார்டு_அக்கா

தம்பி, புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை.

மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் போகும் ரத்தக் குழாய்களுக்கு ஒரு காவல் உண்டு. எல்லா மருந்தையும் உள்ளே விடாது. இமாட்டினிப் ரொம்பக் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். தாசாட்டினிப் அதைவிட நன்றாகப் போகும், ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் விடுவதில்லை. ஏஎல்எல் செல்லுக்கு மூளையைச் சுற்றி ஓடும் நீரில் போய் ஒளிந்துகொள்கிற குணம் இருக்கிறது. அதனால்தான் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை நேராக அந்த நீருக்குள்ளேயே ஏற்றுகிறார்கள்.

ஒரு காலத்தில் இது தெரியாமல் எத்தனையோ குழந்தைகள் போயின. 1960-களில் மருந்தால் ரத்தமும் மஜ்ஜையும் சுத்தமாகும், குழந்தை விளையாடப் போகும், சில மாதத்தில் தலைவலி, வாந்தி என்று திரும்பி வரும். மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் தலைக்கு ரேடியேஷனும் முதுகில் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். அதன் பிறகு ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். நம் ஊரிலும் 1980-களில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்சிபி-841 என்ற ஒரே முறையைப் பின்பற்றின. அதிலும் தலைக்கு ரேடியேஷன் உண்டு. அந்த முறையில் பிழைத்து இன்று பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் நாட்டில் நிறையப் பேர்.

ரேடியேஷனுக்குக் கொடுத்த விலையும் உண்டு. படிப்பு மந்தமாகும், வளர்ச்சி குறையும், வெகுகாலம் கழித்து மூளையில் வேறு கட்டி வரலாம். அதனால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதே செயின்ட் ஜூட்டில், முதுகு ஊசியையும் கீமோவையும் சரியாகக் கொடுத்தால் தலைக்கு ரேடியேஷனே வேண்டாம் என்று 2009-ல் காட்டிவிட்டார்கள். உங்கள் தம்பிக்கு முதுகில் போடும் ஒவ்வொரு ஊசியும் தலைக்கு ரேடியேஷன் தேவைப்படாமல் காப்பதற்குத்தான். அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஊசி போட்டதும் சொன்ன நேரம் வரை தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தலைவலி வந்தால் மறைக்க வேண்டாம்.

#6 தென்றல்67

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சகோதரரே. விரைவில் குணமாக வேண்டுகிறேன். பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு கொடுங்கள், எங்கள் வீட்டில் டெங்கு வந்தபோது நன்றாக ஏறியது. பாஷாணத்தைச் சுத்தி செய்து கொடுத்தால் ரத்தப் புற்று குணமாகும் என்றும் சித்த மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆங்கில மருத்துவமும் இப்போது அதைத்தானே ஒப்புக்கொண்டிருக்கிறது?

#7 ரத்தவியல்_மாணவன்

அம்மா, அன்பாகச் சொல்கிறீர்கள், அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் சில நாளில் தானே ஏறும். இங்கே மஜ்ஜையே நோயாலும் கீமோவாலும் வெறுமையாகிக் கிடக்கிறது, இலைச் சாறு அதை நிரப்பாது. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் ஒருவருக்குப் பச்சை இலையை அரைத்துக் கொடுத்தால் அதிலுள்ள கிருமியே ஆளைக் கொண்டுபோய்விடும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

பாஷாணம், அதாவது ஆர்செனிக், பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது ஏபிஎல் (APL) என்ற வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு; பிசிஆர்-ஏபிஎல் புரதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கதை இந்த இழைக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏபிஎல் முன்பு மிக வேகமாக உயிர் குடிக்கும் நோய், ரத்தக் கசிவிலேயே ஆள் போய்விடுவார். 1980-களில் ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர் அட்ரா என்ற மருந்தைக் கொடுத்தார். அது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பாதியில் நின்றுபோன செல்களை முதிரச் செய்து இயல்பாகச் சாக வைக்கும். ரெமிஷன் அற்புதமாக வந்தது. ஆனால் அட்ராவை மட்டும் கொடுத்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே நோய் திரும்பியது. கீமோவைச் சேர்த்த பிறகுதான் பெரும்பாலோர் நிரந்தரமாகக் குணமானார்கள். இதே நேரத்தில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்செனிக் ட்ரையாக்ஸைடை ஊசியாகக் கொடுத்துப் பலன் கண்டிருந்தார்கள். நம் வேலூர் சிஎம்சியில் விக்ரம் மாத்யூஸ் குழுவினர், புதிதாக வந்த ஏபிஎல் நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டும் வைத்தே சிகிச்சை கொடுத்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த முறைக்கு வசதி இல்லாதவர்களையும் குணமாக்க முடியும் என்பதற்கு உலகமே கவனித்த வேலை அது. 2013-ல் இத்தாலி, ஜெர்மனி ஆய்வு ஒன்று அட்ராவையும் ஆர்செனிக்கையும் சேர்த்துப் பார்த்தது. அதிக ஆபத்து இல்லாத நோயாளிகளில், இரண்டு வருஷம் கழித்து நோய் இல்லாமல் இருந்தவர்கள் 97 சதவீதம். அட்ராவும் கீமோவும் பெற்றவர்களில் 86. கீமோ அங்கே தேவையற்றுப் போயிற்று.

ஆனால் அது சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில், இதயத் துடிப்பை அடிக்கடி ஈசிஜியில் பார்த்துக்கொண்டே கொடுக்கும் ஊசி. கடையில் வாங்கும் பாஷாணப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாது. ஏஎல்எல்-க்கு அது மருந்தும் இல்லை.

#8 நேர்மைப்பேச்சு

நீங்களே ஏபிஎல்லில் கீமோ போய்விட்டது என்கிறீர்கள். இந்த பிலடெல்பியா வகையிலும் இத்தாலியில் தாசாட்டினிப், பிளினாட்டுமோமாப் இரண்டை மட்டும் வைத்துக் கீமோ இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க இங்கே நோயாளியை ஏன் கீமோவில் போட்டு வதைக்க வேண்டும்? பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கருத்து.

#9 ரத்தவியல்_மாணவன்

நியாயமான கேள்வி. நீங்கள் சொல்லும் ஆய்வு 2020-ல் வந்தது. பெரியவர்கள் 63 பேர். தாசாட்டினிபும் ஸ்டீராய்டும் முதலில், பிறகு பிளினாட்டுமோமாப். முதல் கட்டம் முடிந்ததும் மூலக்கூறு அளவில் நோய் அடங்கியவர்கள் 29 சதவீதம், இரண்டு சுற்று பிளினாட்டுமோமாபுக்குப் பிறகு 60. மிக நல்ல முடிவு, நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அங்கேயும் மாத்திரை தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிளினாட்டுமோமாப் ஒரு கையால் நோய் செல்லையும் மறு கையால் நம் டி-செல்லையும் பிடித்துச் சேர்த்து வைக்கும் மருந்து. முதுகு ஊசி அங்கேயும் உண்டு. அப்படியும் சிலருக்கு மூளைப் பக்கம் நோய் திரும்பியது. கணிசமானோர் மஜ்ஜை மாற்றும் செய்துகொண்டார்கள். கீமோவின் இடத்தில் வேறொரு துணை வந்தது, துணையே இல்லாமல் போகவில்லை.

இங்கே ஏன் அதைச் செய்யவில்லை என்றால், முதல் காரணம் விலை. அடுத்தது, ஒரு சுற்றுக்கு 28 நாள் இடைவிடாமல் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும், அதற்குப் படுக்கையும் ஆளும் பையை மாற்றும் வசதியும் வேண்டும். பிலடெல்பியா இல்லாத பி-செல் ஏஎல்எல்லில் கீமோவோடு பிளினாட்டுமோமாபைச் சேர்த்தால் பெரியவர்களில் ஆயுள் கூடுகிறது, குழந்தைகளில் நோய் திரும்புவது குறைகிறது என்று 2024-ல் பெரிய ஆய்வுகள் வந்துவிட்டன. மருந்து எட்டாத தூரத்தில் இருப்பதுதான் வருத்தம். டாக்டர்கள் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை.

#10 மாத்திரைக்காரன்

விலை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு காலத்தில் இமாட்டினிபின் அசல் பிராண்டு மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல், உள்நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள். காப்புரிமை கேட்ட அசல் தயாரிப்பாளர் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மனுவை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று அழுதவர்களில் நானும் ஒருவன். இன்று தாசாட்டினிபும் உள்நாட்டுத் தயாரிப்பாகக் கிடைக்கிறது. பிளினாட்டுமோமாபுக்கும் அந்த நாள் வர வேண்டும், அதற்காகக் குரல் கொடுக்க நோயாளிகள் நாம்தான் இருக்கிறோம்.

#11 மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநர். கரிசல்மண் சார், ஒரு முக்கியமான விஷயம். ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கு வயிறு எரியாமல் இருக்க பான்டாப்ரசோல் எழுதுவது எல்லா இடத்திலும் வழக்கம். ஆனால் தாசாட்டினிப் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல், ஃபமோடிடின் எல்லாம் அமிலத்தை வெகுநேரம் அடக்கிவைப்பதால் ரத்தத்தில் சேரும் தாசாட்டினிப் ஏறக்குறைய பாதியாகவே குறையக்கூடும். தம்பியின் சீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். அவசியமானால் சாதாரண ஜெலுசில் மாதிரி மருந்தை இரண்டு மணி நேரம் முன்போ பின்போ கொடுக்க வைப்பார்கள்.

பூஞ்சைத் தொற்றுக்கு இட்ரகோனசோல், வோரிகோனசோல் யாராவது எழுதினால் வின்கிரிஸ்டின் ஓடுகிறது என்று உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் கை கால் மரத்துப்போதல், கடுமையான மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பு வரை போகும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ படுத்தால் இருமல் வந்தாலோ தள்ளிப் போடாதீர்கள், தாசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும்.

சேர்த்துக் கொடுப்பது என்றால் மருந்துகளை ஒன்றாகக் கொட்டுவது இல்லை. ஏஎம்எல் என்ற வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஜெம்டுசுமாப் என்று ஒரு மருந்து 2000-ல் வந்தது. கீமோவோடு சேர்த்தபோது பலன் காணாமல் இறப்பு கூடியதால் 2010-ல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். பிறகு அளவைக் குறைத்து மூன்று நாளாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில் அதே மருந்து பலன் தந்து 2017-ல் திரும்ப வந்தது. அளவும் நாளும்தான் எல்லாம்.

#12 கரிசல்மண்

சார், சீட்டில் பான்டாப்ரசோல் இருக்கிறது! நாளைக்கே போன் செய்து கேட்கிறேன்.

கடைசியாக அந்த உடம்பு முழுக்க ரேடியேஷன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

#13 யாழினி_லண்டன்

அண்ணா, நான் இஞ்ச லண்டனில ரேடியேஷன் பகுதியில வேலை செய்யிறன். கன ஆக்கள் உங்களை மாதிரித்தான் பயந்துகொண்டு வருவினம்.

இது கட்டியைச் சுடுற ரேடியேஷன் இல்லை. மஜ்ஜையில ஒளிஞ்சு கிடக்கிற மிச்ச செல்லுகளை அழிக்கிறதுக்கும், வாற புது மஜ்ஜையைத் தம்பியின்ர உடம்பு தள்ளாமல் இருக்கிறதுக்கும் குடுக்கிறது. மருந்து போகாத மூளை, விதைப்பை மாதிரியான இடங்களுக்கும் கதிர் போகும். வழமையா 12 கிரே (கதிர் அளவைச் சொல்லுற அலகு), அதை ஒரேயடியா இல்லாமல் ஆறாப் பிரிச்சு மூண்டு நாளில குடுப்பினம். நுரையீரலுக்கு மறைப்பு வைப்பம். குடுக்கேக்க நோகாது. பிறகு வாந்தி, வாய்ப்புண், வயித்தோட்டம், கன்னத்துப் பக்கம் வீக்கம் வரும்.

கீமோவால அதை ஈடுசெய்யலாமோ எண்டு குழந்தைகளிலயும் இளம் ஆக்களிலயும் பல நாடுகள் சேர்ந்து பாத்தவை. 2021-ல வெளிவந்தது. ரண்டு வருசத்தில உயிரோட இருந்தது ரேடியேஷன் குழுவில 91 சதவீதம், கீமோ மட்டும் எடுத்த குழுவில 75. அந்த வித்தியாசத்தைப் பாத்து ஆய்வையே முன்கூட்டி நிப்பாட்டினவை. 34 வயசு ஆளுக்கு அந்தக் கணக்கை அப்பிடியே பொருத்தேலாது, ஆனால் ஏன் ரேடியேஷனைப் பற்றிக் கதைக்கினம் எண்டது விளங்கும்.

ஒண்டு மட்டும் இப்பவே கேளுங்கோ. உடம்பு முழுக்க ரேடியேஷன் எடுத்தால் பிறகு பிள்ளை பிறக்கிறது கஷ்டம். தம்பிக்கு இனியும் பிள்ளை வேணுமெண்டால் விந்தணு சேமிக்கேலுமோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ. கீமோவுக்கு முதலே செய்திருந்தால் நல்லம். வெக்கத்தில விடாதேங்கோ.

#14 ரத்தவியல்_மாணவன்

யாழினி அக்கா சொன்னதோடு ஒன்று. மஜ்ஜை மாற்று எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. மூன்று மாதத்துக்குள் பிசிஆர்-ஏபிஎல் முழுதாக மறைந்தவர்கள் மாத்திரையும் கீமோவும் மட்டும் தொடர்ந்தே நன்றாக இருப்பதைப் பல மையங்கள் பார்த்திருக்கின்றன. அவர்களுக்கு மாற்று வேண்டுமா என்பதில் எங்கள் துறையிலேயே இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. ஆகவே அந்த மூன்றாம் மாத ரிப்போர்ட்டைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். அளவு குறையவில்லை என்றால் டி315ஐ உள்ளிட்ட மாற்றங்களுக்கான சோதனையும் கேளுங்கள். மாற்று செய்தாலும் ரேடியேஷன் சமயத்தில் மாத்திரையைப் பொதுவாக நிறுத்திவைத்து, புது மஜ்ஜை பிடித்து ரத்த அணுக்கள் ஏறிய பிறகு மறுபடி தொடங்குவார்கள்.

#15 கரிசல்மண்

மூன்றாம் மாத ரிப்போர்ட், பான்டாப்ரசோல், விந்தணு சேமிப்பு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வார்டு அக்கா, கொடையாளர் பரிசோதனைக்கு நானும் தங்கையும் இப்போதே போகலாமா, இல்லை அவர்கள் சொல்லும்வரை இருக்க வேண்டுமா?

#16 வார்டு_அக்கா

இப்போதே கேளுங்கள் தம்பி. எச்எல்ஏ டைப்பிங் என்று சொல்வார்கள், கொஞ்சம் ரத்தம் அல்லது கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தேய்த்து எடுப்பார்கள், அவ்வளவுதான். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டு பேருமே கொடுங்கள். பொருந்தாவிட்டாலும் கலங்க வேண்டாம், இப்போது பாதி பொருந்தினாலே செய்கிறார்கள். மாற்று வேண்டாம் என்று பிறகு முடிவானால் நல்லதுதான், ரிப்போர்ட் கையில் இருந்துவிட்டுப் போகட்டும். தங்கைக்கு சுகர், பிரஷர் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.